சாவி கைமாறும் இடம்

என் அண்ணன் நெவிலும் தம்பி கிளைவும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் இதே கிறைஸ்ட்சர்ச் நகரத்தில்தான் இருந்தார்கள். ஒரே கடையில்தான் ரொட்டி வாங்கினார்கள். ஒருவன் கடைக்குள் இருந்தால் மற்றவன் அவன் வெளியே வந்து போகும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். மழை பெய்தாலும் அப்படித்தான். நடுவில் பிறந்தவள் நான், நோலீன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்தான்.

சண்டை ஒரு ஜோடி பூட்ஸைப் பற்றியது. சொன்னால் சிரிப்பீர்கள். எண்பது தாண்டியபின் அப்பாவுக்கு மலைமேல் இருக்கும் மெய்ரா ஏரியை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. கூட்டிப்போகிறேன் என்று நெவில் வாக்குக் கொடுத்துவிட்டான். வீட்டு வாசற்படியிலேயே தடுமாறுகிறவரை மலைக்குக் கூட்டிப்போவதா என்று கிளைவ் தலையால் அடித்துக்கொண்டான். அப்பா கேட்கிற ஆளா? கிளம்ப வேண்டிய காலையில் பார்த்தால் அவருடைய மலையேறும் பூட்ஸைக் காணோம். "நான்தான் எடுத்தேன், பழைய சாமான் கடையில குடுத்துட்டேன்" என்றான் கிளைவ். வேறு பூட்ஸ் போட்டால் அப்பாவின் காலுக்கு ஆகாது. அதற்குப் பிறகு அவர் ஏரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து வெளியே வந்தபோது நெவில் தம்பியிடம் சொன்னான்: "அந்த பூட்ஸோட சேத்து அவரையும் நீதான்டா தூக்கிப் போட்ட." அதுதான் அவர்களுக்குள் கடைசிப் பேச்சு.

போன பிப்ரவரியில் ஒரு நாள் கிளைவ் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். தேநீரை ஆறவிட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நோலீன், எனக்கு மறதி வந்துருக்கு."

"எனக்கு மட்டும் என்னவாம். நேத்து கண்ணாடியைத் தேடித் தேடிக் கடைசியில ஃபிரிட்ஜுலருந்து எடுத்தேன்."

"அந்த மறதி இல்ல. டாக்டர் மூளையைப் படம் எடுத்துக் காட்டிட்டார். மெதுவாப் போயிட்டிருந்தது, இனிமே வேகமாப் போகுமாம். பிப்பா என்னை அடிலெய்டுக்குக் கூட்டிட்டுப் போறேங்கறா. அடுத்த மாசம்."

பிப்பா அவனுடைய ஒரே மகள். எனக்குக் கையில் இருந்த துணியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

"போறதுக்குள்ள நெவில்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். "எதுக்கு மன்னிப்புக் கேக்கறோம்னு தெரியறப்பவே கேட்டுடணும். தெரியாமப் போன பிறகு நான் கேட்டாலும் அது கிளி பேசற மாதிரிதான்."

"ஒரு காகிதத்துல எழுதிக் குடேன். நான் கொண்டு போய்க் குடுக்கறேன்."

"எழுதிக் குடுத்தா அது ரசீது. மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும்."

"சரி, உனக்கு இப்படின்னு அவன்கிட்ட நான் பேசறேன். ஓடி வருவான்."

"சொல்லவே கூடாது. பரிதாபப்பட்டு வந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பான். கோபமாவே வரட்டும். வந்து நல்லாத் திட்டட்டும். அப்புறம் சொல்றேன்." என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

கூப்பிட்டால் வருகிறவனா நெவில்? கிளைவ் இருக்கும் வீட்டுக்கு வரமாட்டான், அவன் போகும் கல்யாணத்துக்கு வரமாட்டான். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற பிறவி. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவனை அசைக்க முடியாது. எங்கள் நடைச்சங்கத்தின் பயணம் ஒன்றில் பேர் போட்டுவிட்டால், வானம் இடிந்தாலும் பின்வாங்க மாட்டான். அந்த ஆண்டின் பயணங்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அங்கேதான் என் மூளை வேலை செய்தது.

மெய்ரா ஏரிக்குக் குறுக்கு நடையாகப் போவதுதான் எங்கள் வழக்கம். ஒரு கூட்டம் மலைக்கு இந்தப் பக்கம் காரை நிறுத்தி ஏறும். இன்னொரு கூட்டம் முதல் நாளே சுற்றிப் போய் மேற்குப் பக்கம் காரை நிறுத்தி ஏறும். நடுவில், ஏரிக்கரையில் இருக்கும் பெரிய பாறையில் சந்தித்து, தேநீர் குடித்து, கார் சாவிகளை மாற்றிக்கொண்டு, அவரவர் எதிர்ப்பக்கம் இறங்க வேண்டும். அவர்கள் காரில் இவர்கள் வீடு திரும்புவார்கள், இவர்கள் காரில் அவர்கள். சாவியைக் கையோடு கையாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அப்பா தலைவராக இருந்தபோது போட்டது. ஒரு தடவை தாமதமாக வரும் கூட்டத்துக்காக அவர் சாவியைப் பாறைமேல் வைத்துவிட்டுப் போக, கியா கிளி ஒன்று கொத்திக்கொண்டு பறந்துவிட்டது. எங்கள் மலைக்கிளிக்குப் பளபளப்பாக எது இருந்தாலும் அது அதன் சொத்துதான்.

ஆக, சாவி மாற வேண்டுமென்றால் இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றே ஆக வேண்டும். மேற்குக் கூட்டத்துக்கு நெவிலையும் அவன் சிநேகிதன் வாரிக்கையும் போட்டேன். கிழக்குக் கூட்டத்துக்கு என் பேரைப் போட்டேன். எல்லாம் உறுதியான பிறகுதான் நெவில் போனில் கேட்டான்.

"உன் கூட யாரு வரா?"

"கிளைவ்."



"நல்லா வலை விரிச்சிருக்க நோலீன்."

"வலையும் இல்ல, தூண்டிலும் இல்ல. சங்கத்துல அவனும் சந்தா கட்டறான்."

"சாவியைப் பாறைமேல வெச்சுட்டுத் தள்ளிப் போய் நிக்கச் சொல்லு. நான் எடுத்துக்கறேன்."

"கையோட கை. அப்பா போட்ட விதி. அதையும் மீறப் போறியா?"

"அப்பாவைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம்" என்று வைத்துவிட்டான். ஆனால் பேரை எடுக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. அன்று மாலை நான் பாட்டுப் பாடிக்கொண்டு சமைத்தேன். அதை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

அடுத்த நாட்களில் கிளைவ் என் மேசைமேல் வரைபடத்தை விரித்து உட்கார்ந்துகொள்வான். எந்த ஓடையில் தண்ணீர் நிரப்புவது, எந்த மேட்டில் காற்று அடிக்கும் என்று விரலை வைத்து வைத்துச் சொல்வான். முந்தாநாள் என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் தெரியாது. இருபது வயதில் ஏறிய சரிவில் எந்தக் கல் ஆடும் என்று தெரியும். நடுநடுவே நிறுத்தி, நெவிலிடம் சொல்லப்போவதை என்னிடம் சொல்லிப் பார்ப்பான். பள்ளிக்கூட விழாவில் பேசப்போகிற பையன் மாதிரி எழுந்து நின்று சொல்வான்.

"நெவில், அப்பாவோட பூட்ஸை நான் யாருக்கும் குடுக்கல. ஒளிச்சு வெச்சேன். ஒளிச்சேன்னு சொல்லியிருந்தா அவர் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடியிருப்பார். அதனாலதான் குடுத்துட்டேன்னு சொன்னேன். அவர் மலையில சாகக் கூடாதுன்னு நான் பயந்தேன். அவருக்காகவா எனக்காகவா, யாருக்காகப் பயந்தேன்னு தெரியல. அவருக்கு அதைத் திருப்பிக் குடுக்கறதுக்குள்ள போயிட்டார். என்னை மன்னிச்சுடு."

எனக்கே அன்றுதான் தெரியும். "அட பாவி, இத்தனை வருஷம் இதைச் சொல்லாம ஏன்டா இருந்த?" என்றேன்.

"அவன் கேக்கலையே" என்றான். இவனுக்கும் வீம்புக்குக் குறைச்சல் இல்லை.

பயணம் கிளம்பும் காலையில் கிளைவின் காரை நான்தான் ஓட்டினேன். அவன் இனிக் கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் சாவியை நான் வைத்துக்கொள்ள விடவில்லை. காரை நிறுத்தியதும் வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டு ஊக்கால் குத்திக்கொண்டான். இறங்கி வருகிறவர்களுக்காகக் காருக்குள் ஏதாவது வைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். உலர்ந்த காலுறை, பழக் கேக், பெரிய மனசுள்ளவர்கள் என்றால் பீர். கிளைவ் பின்பெட்டியில் ஒரு துணிப்பையை வைத்தான். நான் எட்டிப் பார்த்ததும் மூடினான்.

"அது நெவிலுக்கு. நீ பாக்காதே."

"அந்த பூட்ஸா?"

"பாக்காதேன்னா பாக்காதே."

பீச் என்கிற மலைமரக் காட்டுக்குள் அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால். கால்களுக்கு மறதி வரவில்லை. வேர்களில் இடறாமல், ஓடைக் கற்களில் நிற்காமல், என்னை மூச்சுவாங்க வைத்துக்கொண்டு போனான். மரங்கள் முடிந்து புல் தொடங்கும் இடத்தில் நின்று பையைத் தொட்டுப் பார்த்தான். சாவி இருந்தது. வாக்கியங்களை இன்னொரு தடவை சொன்னான். ஒன்றும் விட்டுப்போகவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவன் மனைவி போன பிறகு பார்த்ததில்லை.

கணவாயில் ஏறி நின்றதும் ஏரி கீழே தெரிந்தது. அப்பா எப்போதும் தொப்பியைக் கழற்றும் இடம் அது. கிளைவும் கழற்றினான். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. வடமேற்குக் காற்று பிற்பகலில் மழையைக் கொண்டுவரும் என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள், அதற்குள் இறங்கிவிடலாம் என்பது என் கணக்கு. பாறையடிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். கிளைவ் அடுப்பை மூட்டித் தண்ணீர் வைத்தான். நான்கு குவளைகளை வரிசையாக வைத்தான். நெவிலுக்குச் சர்க்கரை வேண்டாம் என்று அவனே சொல்லிக்கொண்டான்.

ஏரி பெரிதொன்றும் இல்லை. எதிர்க்கரையில் ஒரு ஆள் நின்றால் தொப்பியின் நிறம் தெரியும், முகம் தெரியாது. எங்கள் கரையில்தான் பாதை. எதிர்க்கரை வெறும் கற்குவியல், கால் வைத்த இடமெல்லாம் சரியும், அங்கே யாரும் போவதில்லை. ஏரி வழிந்து ஓடும் மேற்கு மூலையில் இரண்டு உருவங்கள் தெரிந்தன. ஒன்று சிவப்புத் தொப்பி. நெவிலுடையது. அவர்கள் நின்றார்கள். எங்களைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. என் மஞ்சள் மழைக்கோட்டு ஊருக்கே தெரியும். கிளைவ் எழுந்து இரண்டு கையையும் ஆட்டினான்.

சிவப்புத் தொப்பி ஊன்றுகோலை ஒரு தடவை உயர்த்தியது. பிறகு இடப்பக்கம் திரும்பி எதிர்க்கரைக் கற்களில் ஏறியது. பின்னாலேயே மற்றவனும்.

"அந்தப் பக்கம் ஏன் போறான்?" என்றான் கிளைவ்.

"படம் எடுக்கப் போறானோ என்னவோ."

"சுத்தி வருவான். ஏரியை ஒரு சுத்துச் சுத்திட்டு வருவான். கோபம் இருக்குல்ல, கொஞ்சம் நடந்தாத்தான் தணியும்." அவன் தண்ணீரில் தேயிலையைப் போட்டான்.

அவர்கள் எங்களுக்கு நேர் எதிரே வந்தார்கள். கிளைவ் வாயில் கையைக் குவித்துக் கூப்பிட்டான். காற்று எங்கள் முகத்துக்கு நேராக அடித்துக்கொண்டிருந்தது. சத்தம் எங்களிடமே திரும்பியது. அவர்கள் எங்களைக் கடந்து, கணவாயை நோக்கி ஏற ஆரம்பித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுந்து ஓடினேன். அறுபத்து நாலு வயதில் எவ்வளவு தூரம் ஓட முடியும்? ஒரு மேட்டில் நின்று கத்தினேன். சிவப்புத் தொப்பி திரும்பவில்லை. வாரிக் மட்டும் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுப் போனான்.

திரும்பி வந்தபோது முதல் மழைத்துளி விழுந்தது. கிளைவ் குவளைகளில் தேநீரை ஊற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திரு. போயிட்டான். சாவி இல்லாமப் போயிட்டான் அந்தக் கழுதை. உன் காரை எப்படித் திறப்பான்? நாம எப்படி வீடு போய்ச் சேர்றது?"

கிளைவ் என்னை நிமிர்ந்து பார்த்தான். யோசித்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

"நம்பர் பிளேட்" என்றான்.

"என்ன நம்பர் பிளேட்?"

"கியா சாவியைத் தூக்கிட்டுப் போச்சுல்ல, அதுக்கப்புறம் அப்பா இன்னொரு சாவியைப் பின்பக்க நம்பர் பிளேட்டுக்குப் பின்னால கம்பியால கட்டி வெப்பார். சங்கத்துக்குத் தெரிஞ்சா கேலி பண்ணுவாங்கன்னு எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் சொன்னார். நானும் கட்டி வெச்சிருக்கேன். எந்தக் கார் வாங்கினாலும் முதல்ல அதைத்தான் செய்வேன். நெவிலும் கட்டியிருப்பான். நான் கட்டியிருப்பேன்னு அவனுக்குத் தெரியும்."

எனக்கு யார்மேல் முதலில் கோபப்படுவது என்று தெரியவில்லை. ரகசியத்தைப் பிள்ளைகள் காதில் மட்டும் ஓதிவிட்டுப் பெண்ணுக்குச் சொல்லாமல் போன அப்பாமேலா? ஆறு வருடம் பேசாதிருந்தும் தம்பியின் கார் எப்படி இருக்கும் என்று உள்ளங்கையைப் போலத் தெரிந்துவைத்திருக்கும் அண்ணன்மேலா? இவ்வளவு தெரிந்தவனுக்கு ஏரியைச் சுற்றி நாலடி வரத் தெரியவில்லை.

"வருவான்" என்றான் கிளைவ் மறுபடியும். "கணவாய் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவான்."

கிளம்பு கிளம்பு என்று நான் எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. மழை சாய்வாக அடித்தது. கோட்டின் கழுத்து வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. நெவிலின் குவளையைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், மழைநீர் தேநீரில் விழாமலிருக்க. உதடு நீலமாவதைப் பார்த்தபிறகுதான் நான் அவன் கோட்டைப் பிடித்து இழுத்து எழுப்பினேன்.

மேற்கு இறக்கம் நீளமானது. வழியெல்லாம் தண்ணீர். கிளைவ் இப்போது எனக்குப் பின்னால் வந்தான். அவன் முணுமுணுப்பது கேட்டது.

"நெவில், அப்பாவோட பூட்ஸை நான்... நான் யாருக்கும்... அதுக்கப்புறம் என்ன, நோலீன்?"

"குடுக்கல. ஒளிச்சு வெச்சேன்."

"ஆமா. ஒளிச்சு வெச்சேன். எதுக்கு?"

"அவர் மலையில சாகக் கூடாதுன்னு பயந்த."

"யாரு?"

 கொஞ்ச தூரம் போனபின் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். கம்பிப் பாலத்தைத் தாண்டும்போது பூட்ஸ் என்பது மட்டும்தான் மிச்சம் இருந்தது.

நெவிலின் கார் பாலத்துக்கு அப்பால் நின்றிருந்தது. கிளைவ் நடுங்கிக்கொண்டே குனிந்து நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் விரலை நுழைத்தான். அந்த விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கம்பியைத் திருகிச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டி, "பாத்தியா, அப்பா மாதிரியே மூணு சுத்து" என்றான். காருக்குள் எங்களுக்காக எதுவும் வைக்கப்பட்டிருக்கவில்லை.

மறுநாள் கிளைவின் காரைக் கொண்டுவந்து விட்டவன் வாரிக்தான். நெவில் வரவில்லை. வாரிக் வாசலிலேயே நின்று தொப்பியைக் கையில் திருகினான்.

"நான் சொன்னேன் நோலீன். கையோட கைன்னு சொன்னேன். 'அந்த விதி எதுக்கு வந்ததுன்னு எனக்குத் தெரியும், மழை வருது, நட'ன்னான். கூட்டத்துக்குத் தலைவன் அவன். என்ன பண்ணுவேன்?"

"அப்புறம்? காரைத் திறந்தானா?"

"திறந்தான். சிரிச்சுக்கிட்டேதான் திறந்தான். 'பாத்தியா, சொன்னேன்ல'ன்னு. பின்பெட்டியில ஒரு பை இருந்தது. எடுத்துப் பார்த்தான். பழைய பூட்ஸ், நல்லா எண்ணெய் போட்டு, புது நாடா கோத்து. அவன் அப்படியே தரையில உக்காந்துட்டான். மழையில. நான்தான் காரை ஓட்டிட்டு வந்தேன். வழியெல்லாம் பூட்ஸை மடியில வெச்சுக்கிட்டு வந்தான்."

"அப்படின்னா இப்ப ஏன் வரல?"

"வெக்கம்" என்றான் வாரிக். "ரெண்டு நாள் போகட்டும்னான்."

ரெண்டு நாள். அன்று மாலையே கிளைவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. மறுநாள் நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் சேர்த்தோம். நான் சத்தியத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு நெவிலைப் போனில் கூப்பிட்டேன். மறதியைப் பற்றி, அடிலெய்டைப் பற்றி, பாறைமேல் வைத்த நான்கு குவளைகளைப் பற்றி எல்லாம் சொன்னேன்.

"கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதை உன்னோடது" என்றேன். "நாலு எட்டு சுத்தி வந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்."

 அரை மணியில் அவன் மருத்துவமனை வாசலில் நின்றான். கிளைவ் அப்போது காய்ச்சலில் யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நெவில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வெளியே நடைவழியில் உட்கார்ந்தான். பூட்ஸ் பை காலடியில். "முழிச்சுத் தெளிஞ்சதும் கூப்பிடு" என்றான். தினமும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். வீம்பு பிடித்தவன் ஆறு வருடம் வராமலிருந்ததைவிட, இப்படி வந்து வெளியே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை.

காய்ச்சல் இறங்கியது. ஆனால் வெள்ளம் வடியும்போது கரையையும் கொஞ்சம் கொண்டுபோகுமே, அப்படிப் போயிருந்தது. இந்த மாதிரி நோயாளிகளுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரேயடியாய் ஒரு படி இறங்கிவிடுவார்கள் என்று மருத்துவர் பிப்பாவிடம் சொன்னார். பிப்பா பயணத்தைத் தள்ளிப்போடவில்லை. காரை விற்றாள், வீட்டைப் பூட்டினாள்.

கிளம்பும் காலையில் நெவில் கிளைவின் வீட்டுக்கு வந்தான். ஆறு வருடத்தில் முதல் தடவை அந்தப் படியேறுகிறான். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். கிளைவ் கூடத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதில் ஒரு பழைய கோபத்தின் நிழல்கூட இல்லை.

"வா நெவில். எங்க போயிட்ட? தேத்தண்ணி ஆறிப் போச்சு."

நெவில் அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். முழங்கால் சொடுக்கியது எனக்குக் கேட்டது.

"கிளைவ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ஏரியில நான் உன்னைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் போனேன். அடக்கத்தன்னிக்கு சொன்னேனே, அதுவும் தப்பு. எல்லாம் என் தப்பு. மன்னிச்சுடுடா."

"சேச்சே, அதுக்கென்ன" என்றான் கிளைவ் மரியாதையாக. அறிமுகமில்லாதவர் காலை மிதித்துவிட்டால் சொல்வோமே, அந்தக் குரலில். எதற்கென்று அவனுக்குத் தெரியவில்லை என்பது எனக்கும் நெவிலுக்கும் பிப்பாவுக்கும் தெரிந்தது.

நெவில் தடுமாறிப் பையைத் திறந்து பூட்ஸை வெளியே எடுத்தான். அதைக் காட்டினாலாவது ஞாபகம் வரும் என்று நினைத்தான் போல. கிளைவ் அதைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்தான்.

"இது அப்பாவோடது. இங்க எப்படி இருக்கு? அப்பா எங்க? வெறுங்காலோடயா போயிருக்கார்?" ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தான். "நெவில், நீதானே கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன?"

நெவில் பூட்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான், அப்பாவின் அடக்கத்தில்கூட இல்லை. பிப்பா மெல்லத் தன் அப்பாவின் தோளைத் தொட்டு, டாக்ஸி வந்துவிட்டது என்றாள்.

கிளைவ் திரும்பினான். அண்ணன் அழுவதைப் பார்த்து ஏதோ யோசித்தான். பிறகு உள்ளங்கையை நீட்டினான்.

"சாவி" என்றான். "மழை வருது, சீக்கிரம் இறங்கணும். பாறைமேல வெக்காதே. கையோட கை."

நெவில் என்னைப் பார்த்தான்.  பாக்கெட்டிலிருந்து தன் கார் சாவியை எடுத்துத் தம்பியின் கையில் வைத்து, விரல்களை மூடி, அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இரு, என்னோடதைத் தரேன்" என்றான் கிளைவ். சட்டைப் பையைத் தடவினான். அதில் ஊக்கு மட்டும் குத்தியிருந்தது. காற்சட்டையின் இரண்டு பைகளையும் தடவினான். கோட்டின் உள்பையைப் பார்த்தான். மறுபடியும் சட்டைப் பைக்கு வந்தான். "வெச்சேனே. உனக்குத் தரணும்னுதானே இவ்வளவு தூரம் கொண்டு வந்தேன். இரு நெவில், போயிடாதே. இங்கதான் எங்கயோ இருக்கு."

"போகல" என்றான் நெவில். வெளியே டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். நெவில் கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தான்.